ஒதுக்கியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு? – சேமிப்புக் கிடங்குகளைக் கணக்கெடுத்த கட்டளைகளின் கதை

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் சிற்றூர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பழைய மல்லிநாதர் கோயில், மடத்தின் ஓலைச்சுவடிகள் என்று இந்த ஊருக்குப் பெருமைகள் பல உண்டு.

ஒரு சுவடி அறையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். இங்கே எத்தனை கட்டு வைக்க இடம் உண்டு? இப்போது எத்தனை கட்டு இருக்கிறது? முதல் கேள்விக்கு அலமாரியைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பேரேடு ஒன்று இருந்தால் மூன்றாவது கேள்வியும் வந்துவிடும்: பேரேட்டில் எழுதியிருப்பது எத்தனை? மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கணினிச் சேமிப்பின் வரலாற்றில் பாதி, இந்த மூன்று எண்களும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போன கதைதான். அந்த விலகலைக் கண்டுபிடிக்க உருவான சின்னச் சின்னக் கட்டளைகளின் கதையும்கூட.

களஞ்சியமும் மரக்காலும்

மேல்சித்தாமூருக்கு அருகில் உள்ள செஞ்சிக் கோட்டைக்குச் சென்றவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்த கையோடு களஞ்சியத்தையும் பார்த்திருப்பார்கள். தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு. பலர் எட்டிப் பார்த்துவிட்டு மலை ஏறப் போய்விடுவார்கள். ஆனால் கோட்டையின் உயிர் அங்கேதான் இருந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் 1689 இறுதியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1690 இல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். இடையிடையே தளர்ந்தும் இறுகியும் நீண்ட அந்த முற்றுகை 1698 இல்தான் முடிந்தது. அத்தகைய முற்றுகையில் களஞ்சியத்தின் கொள்ளளவைத் தெரிந்து வைத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. உள்ளே எவ்வளவு நெல் இருக்கிறது என்பதே கேள்வி. (இந்தக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தா இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் உள்ள 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்.)

பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலிலும் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 3,000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். ஆனால் கலம் என்பது 12 மரக்கால். மரக்காலோ ஊருக்கு ஊர் வேறு! அதனால்தான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லின் அளவைச் சொல்லும்போது, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது, அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்று சேர்த்துச் சொல்கின்றன. அளந்த எண்ணைச் சொன்னால் போதாது, எதனால் அளந்தது என்றும் சொல்ல வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

கணினித் துறை இதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. வன்தட்டு செய்பவர்கள் 1,000 ஆல் பெருக்கி ஒரு டெராபைட் என்கிறார்கள். இயங்குதளமோ 1,024 ஆல் வகுத்து அதையே 931 என்று காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998 இல் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்கள் வந்தன. இன்றும் பேச்சில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. யுனிக்ஸ் வகைக் கணினியில் டிஎஃப் கட்டளையுடன் சின்ன எச் சேர்த்தால் 1,024 கணக்கு, பெரிய எச் சேர்த்தால் 1,000 கணக்கு. ஒரே தட்டு, இரண்டு மரக்கால்!

முதல் இரண்டு கட்டளைகள்

1956 இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியுடன் உலகின் முதல் வன்தட்டுச் சேமிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துகள். அப்போது கணக்கெடுப்பது ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஒரு கணினி, ஒரு பெட்டி. யார் எதை எங்கே வைத்தார் என்பது அந்த அறையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோதுதான் சண்டை ஆரம்பித்தது. யார் அதிகம் அடைத்து வைத்திருக்கிறார்கள்? பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே டிஎஃப், டியூ என்ற இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. டிஎஃப் தட்டில் எவ்வளவு மீதி என்று சொல்லும். டியூ ஒவ்வொரு அடைவும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கூட்டிச் சொல்லும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இரண்டும் அதே பெயரில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. கணினித் துறையில் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தவை மிகக் குறைவு.

இரண்டு கட்டளைகளும் ஒரே பதிலைச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சொல்லாது! டிஎஃப் கோப்பு முறைமையின் பேரேட்டைப் பார்க்கிறது. டியூ அடைவு அடைவாக நடந்து எண்ணுகிறது. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொருவர் அழித்துவிட்டால், பெயர் போய்விடும், இடம் விடுபடாது. டியூவின் கண்ணுக்கு அது தெரியாது, டிஎஃப் கணக்கில் இருக்கும். ‘தட்டு நிறைந்துவிட்டது, ஆனால் கோப்புகளைக் கூட்டினால் பாதிதான் வருகிறது’ என்று நிர்வாகிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிரசித்தமான புதிர் இது.

கோப்பின் நீளமும் அது பிடிக்கும் இடமும்கூட வேறு வேறு. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் யூனிகோடில் ஒரு கோப்பில் எழுதினால், யுடிஎஃப் 8 முறைப்படி 15 பைட் வரும். எல்எஸ் கட்டளை 15 என்றே காட்டும். ஆனால் தட்டு 4,096 பைட் கொண்ட துண்டுகளாகத்தான் இடம் கொடுக்கிறது என்றால் டியூ 4 கிலோபைட் என்று காட்டும். ஒரு படி நெல் வைத்தாலும் ஒரு குதிர் நிறைந்த கணக்கு.

தட்டு மறைந்து பெட்டி வந்தது

இந்தியாவில் யுனிக்ஸ் பரவியதற்கு வங்கிகள் ஒரு முக்கியக் காரணம். ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984 இல் அளித்த அறிக்கைக்குப் பிறகு வங்கிகளில் கணினிகள் வரத் தொடங்கின. அவற்றில் பல யுனிக்ஸில் ஓடின. கருப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறை அப்படித்தான் இங்கே உருவானது.

அதே காலத்தில் தட்டுகளும் மாறின. 1988 இல் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும், விலை மலிவான சின்னத் தட்டுகளைச் சேர்த்துப் பெரிய தட்டைப் போல நடிக்க வைக்கலாம் என்ற ‘ரெய்டு’ கட்டுரையை வெளியிட்டார்கள். 1990 இல் இஎம்சி நிறுவனம் சிமெட்ரிக்ஸ் பெட்டியை வெளியிட்டது. கொள்ளளவு 24 ஜிகாபைட். இன்று கைப்பேசிக்கே அது போதாது. அன்று அது ஒரு பெரிய நிறுவனத்தின் மொத்தச் சொத்து!

இங்கேதான் முதல் விலகல். சர்வர் பார்ப்பது உண்மையான தட்டை அல்ல. ஸ்டோரேஜ் அரே என்னும் அந்தப் பெட்டி, உள்ளே உள்ள பல தட்டுகளில் இருந்து ஒரு துண்டை வெட்டி, இதுதான் உன் தட்டு என்று சர்வரிடம் நீட்டுகிறது. அந்தத் துண்டுக்கு லன் என்று பெயர். யாருக்கு எவ்வளவு வெட்டிக் கொடுப்பது என்பதே ஒதுக்கீடு, அதாவது புரோவிஷனிங். சர்வரில் உட்கார்ந்து டிஎஃப் அடித்தால் கொடுத்த துண்டு தெரியும். பெட்டிக்குள் என்ன மீதி என்பது தெரியாது. அதற்குப் பெட்டியிடமே கேட்க வேண்டும். அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெட்டிக்கென்று தனிக் கட்டளைத் தொகுப்பு கொடுத்தது. இஎம்சிக்கு சிம்சிஎல்ஐ. மற்றவர்களுக்கு வேறு வேறு. ஒன்றைக் கற்றவர் இன்னொன்றில் தடுமாறுவார்.

சர்வர் பக்கத்திலும் ஒரு நடுவர் வந்தார். எச்பி நிறுவனத்தின் யுனிக்ஸில் இருந்த முறையைப் பின்பற்றி ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் 1998 இல் லினக்ஸுக்கு எல்விஎம் எழுதினார். அதில் பிவிஎஸ் என்று அடித்தால் உண்மைத் தட்டுகள், விஜிஎஸ் என்று அடித்தால் அவற்றைச் சேர்த்த குழுவும் அதன் மீதியும், எல்விஎஸ் என்று அடித்தால் பிரித்துக் கொடுத்த துண்டுகள். வயல், களம், வீட்டுப் பங்கு என்பது போல மூன்று படி. அடிக்க வேண்டியது மூன்றெழுத்து, வருவது நாலு வரி. எந்த வண்ணப் படமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

வண்ணப் படம் என்றதும் ஒரு கேள்வி வரும். மவுஸை வைத்துச் சொடுக்கிப் பார்க்கும் வசதி இருக்கும்போது எதற்கு இந்தக் கட்டளை? விடை சென்னையிலேயே இருக்கிறது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2002 இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிள் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் பெட்டிகளை இங்கே இரவுப் பணியில் உட்கார்ந்து கவனிக்கும் வேலை பெருகியது. தூரத்துப் பெட்டியின் படத்திரை இங்கே வந்து சேர்வதற்குள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். எழுத்து வரிகளோ உடனே வரும். அதைவிட முக்கியம், இருநூறு பெட்டிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, வந்த வரிகளை ஆக் போன்ற கருவியில் கொடுத்து, எந்தப் பெட்டியில் மீதி குறைவோ அதை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக ஓடும்படி கிரானில் போட்டுவிடலாம். இருநூறு முறை சொடுக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

இல்லாததை ஒதுக்கிய காலம்

அதுவரை ஒதுக்கீடு என்றால் உண்மையாகவே எடுத்து வைப்பது. ஒருவருக்கு 2 டெராபைட் கொடுத்தால் பெட்டியில் 2 டெராபைட் குறையும். அவர் கால் பங்கு மட்டும் பயன்படுத்தினாலும் மீதி யாருக்கும் உதவாது. பின்னால் கேட்டுக் காத்திருக்க முடியாது என்று எல்லோரும் தேவைக்கு மேல் கேட்டார்கள். விலை உயர்ந்த தட்டுகள் வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

இதற்கு மாற்றாக, கேட்டதைக் காகிதத்தில் கொடுத்துவிடுவோம், எழுதும்போது மட்டும் உண்மையான இடத்தை எடுப்போம் என்ற யோசனை 1990களிலேயே ஸ்டோரேஜ்டெக் நிறுவனத்தின் ஐஸ்பர்க் பெட்டியில் இருந்தது. அதை ஊரறியச் செய்தது 3பார் நிறுவனம். 1999 இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள ப, ஆ, ர் என்ற ஒலிகள் நிறுவியவர்களான பிரைஸ், அசோக் சிங்கல், ராபர்ட் ரோஜர்ஸ் ஆகியோரைக் குறிப்பவை. நடுவில் நிற்பவர் நம் நாட்டுக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. இவர்கள் பரப்பிய பெயர்தான் தின் புரோவிஷனிங், அதாவது மெல்லிய ஒதுக்கீடு. அந்த யோசனைக்கு என்ன மதிப்பு என்பது 2010 இல் தெரிந்தது. டெல்லும் எச்பியும் 3பாரை வாங்கப் போட்டி போட்டன. கடைசியில் பங்குக்கு 33 டாலர், மொத்தம் சுமார் 235 கோடி டாலர் கொடுத்து எச்பி வாங்கியது.

இதன் ஆபத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். பெட்டியில் இருப்பது 8 டெராபைட். பத்து சர்வருக்கு ஆளுக்கு 2 டெராபைட் ஒதுக்கீடு. மொத்த வாக்குறுதி 20. ஒவ்வொருவரும் 0.6 எழுதியிருக்கிறார்கள், ஆக 6 போய்விட்டது. இப்போது எந்த சர்வரில் டிஎஃப் அடித்தாலும் 30 விழுக்காடுதான் நிறைந்திருக்கிறது, 70 விழுக்காடு காலி என்று வரும். பத்து பேரும் நிம்மதியாக இருப்பார்கள். ஒவ்வொருவரும் இன்னும் 0.2 எழுதினால் பெட்டி முழுதாக நிறைந்துவிடும். அந்த நொடியிலும் டிஎஃப் 60 விழுக்காடு காலி என்றே சொல்லும்! அடுத்து எழுத வருபவருக்குப் பிழைதான் கிடைக்கும். கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகலாம், நின்றும் போகலாம். ஒருவருக்கு அல்ல, பத்து பேருக்கும்.

1971 முதல் நம்பி வந்த கட்டளை இங்கே பொய் சொல்லவில்லை. தனக்குக் காட்டப்பட்ட பேரேட்டை அது சரியாகப் படித்தது. பேரேடுதான் களஞ்சியம் அல்ல.

எனவே கட்டளைகளில் புதிய பத்திகள் தோன்றின. 3பார் பெட்டியில் ஷோவிவி என்று உரிய விருப்பத்துடன் அடித்தால், ஒரு துண்டுக்கு வாக்களித்த அளவு ஒரு பத்தியிலும், அது உண்மையில் பிடித்த அளவு வேறொரு பத்தியிலும் வரும். லினக்ஸில் 2012 இல் 3.2 கெர்னலுடன் மெல்லிய ஒதுக்கீடு வந்த பிறகு, எல்விஎஸ் கட்டளையில் டேட்டா விழுக்காடு, மெட்டா விழுக்காடு என்று இரண்டு பத்திகள் முக்கியமாகிவிட்டன. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பேரேடே எழுத இடம் இல்லாமல் போவதை அது காட்டுகிறது. நெல் தீர்ந்தால் வாங்கிப் போடலாம். கணக்குப்பிள்ளையின் ஏடு தீர்ந்து பாதியில் கிழிந்தால் இருக்கும் நெல் யாருடையது என்றே தெரியாது.

சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் உருவாக்கி 2005 இல் வெளியான இசட்எஃப்எஸ் முறையிலும் இதே இரட்டைக் கணக்கு உண்டு. ஆறு தட்டுகள், ஒவ்வொன்றும் 4 டெராபைட், அதில் இரண்டு தட்டளவு பாதுகாப்புக்கு என்று வைத்தால், இசட்பூல் லிஸ்ட் 21.8 என்று காட்டும், இசட்எஃப்எஸ் லிஸ்ட் 14 சொச்சம் காட்டும். முதலாவது பாதுகாப்புப் பங்கையும் சேர்த்த மொத்தம், இரண்டாவது பயன்படுத்தக்கூடியது. முதல் எண்ணை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் அழிப்பதில் வந்தது. சர்வரில் ஒரு கோப்பை அழித்தால் சர்வரின் பேரேட்டில் பெயர் அடிபடும். பெட்டிக்கு அந்தச் செய்தி போகாது. மூட்டைகள் அங்கேயே இருக்கும். இதற்காகவே ஸ்கஸி தரத்தில் அன்மேப் என்ற செய்தி சேர்க்கப்பட்டது. லினக்ஸில் எஃப்எஸ்டிரிம் கட்டளை அந்தச் செய்தியை அனுப்பும். எல்எஸ்பிஎல்கே கட்டளையுடன் பெரிய டி சேர்த்து அடித்தால், அந்தத் தட்டு இந்தச் செய்தியை ஏற்குமா என்பது தெரியும். அங்கே பூஜ்யம் வந்தால், எவ்வளவு அழித்தாலும் பெட்டியில் ஒரு பைட்டும் திரும்பாது.

சுவடிக்கு எவ்வளவு இடம்?

மேல்சித்தாமூரில் இருப்பது போன்ற சுவடிகளைப் படமெடுத்துப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு இதெல்லாம் வெறும் தொழில்நுட்பக் கதை அல்ல. 2.4 கோடிப் புள்ளிகள் உள்ள கேமராவில் ஓர் ஓலையின் ஒரு பக்கத்தைச் சுருக்காமல் சேமித்தால் 72 மெகாபைட். 200 ஓலை கொண்ட கட்டுக்கு 400 பக்கம், ஆக 28.8 ஜிகாபைட். பக்கத்திலேயே புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியிலும் இருக்கும் சைவச் சுவடித் தொகுப்பு 2005 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 11,000 சுவடிகள். அந்த அளவுள்ள தொகுப்பு ஒன்றுக்கு, கட்டுக்கு 200 ஓலை என்றே வைத்துக்கொண்டால், 300 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். அதுவும் ஒரே ஒரு நகலுக்கு. நகல் ஒன்று மட்டும் இருப்பது இல்லாததற்குச் சமம் என்பதால் மூன்றாக்கினால் ஆயிரம் டெராபைட்டை நெருங்கும்.

இவ்வளவு இடத்தை முதல் நாளே வாங்கிப் போட யாரிடமும் பணம் இருக்காது. மெல்லிய ஒதுக்கீடு இங்கே வரம்தான். 300 என்று ஒதுக்கிவிட்டு 40 இல் தொடங்கலாம், படம் சேரச் சேரத் தட்டு வாங்கலாம். ஆனால் தட்டு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரி, கோப்பு நகர்ந்து, பெட்டி வந்து சேர மாதங்கள் ஆகும். படம் எடுப்பது நிற்காது. எனவே எவ்வளவு மீதி என்பதைவிட, வாரத்துக்கு எவ்வளவு குறைகிறது, அந்த வேகத்தில் எந்த மாதம் தீரும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எல்விஎஸ் தரும் ஒரு வரியைத் தேதியுடன் தினமும் ஒரு கோப்பில் சேர்த்து வந்தால் ஒரே மாதத்தில் விடை கிடைத்துவிடும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

லினக்ஸில் இடம் குறையும்போது தானாகவே கூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. அதன் வரம்பு எல்விஎம் அமைப்புக் கோப்பில் 100 என்று எழுதி வருகிறது. 100 என்றால் அந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். 70, 80 என்று மாற்றி, குழுவில் உண்மையிலேயே மீதி இடம் வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். இருப்பதைவிட அதிகமாக ஒதுக்கும்போது அதே எல்விஎம், மெல்லிய துண்டுகளின் கூட்டுத்தொகை குளத்தின் அளவைத் தாண்டிவிட்டது என்று ஓர் எச்சரிக்கை வரி காட்டும். காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே துண்டை உருவாக்கியும் கொடுத்துவிடும்.